வேலியோரம் கொட்டிய உண்ணிகள்

அன்றைக்குக் காலையில் மாட்டுக்கொட்டாயைக் கூட்டப் போனவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் செவலைப் பசு மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. மூத்திரமா அது? பால் கலக்காத காப்பி டிகாஷன். கருஞ்சிவப்பாகத் தரையில் ஓடிவந்து என் கால்விரலை நனைத்தது. காதைத் தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், ரத்தமே இல்லை, வெள்ளைத்துணி. முந்தின நாள் ராத்திரி வைத்த வைக்கோல் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது.

எனக்கு அப்போது ஏழாம் மாசம். செவலைக்கும் சினை ஏழு மாசம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எதிர்வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பார், "யாரு மொதல்ல பெறப்போறீங்க, நீயா அதுவா?" என்று. எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் இது எனக்கு முதல் குழந்தை இல்லை.

முதல் குழந்தை ஆறாம் மாசத்தில் போனது. ஒருநாள் அசைவு நின்றது, இரண்டு நாள் கழித்து எல்லாம் முடிந்தது. அதற்கு முந்தின வாரம் விறகுக் கட்டுக்குள் புகுந்த சாரைப்பாம்பை எங்க வீட்டுக்காரர் அடித்திருந்தார். போதாதா ஊருக்கு? பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் ஒரு உயிரைக் கொல்லக்கூடாது, வீட்டில் இடிக்கவோ பூசவோ கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "பாம்ப அடிச்சான், புள்ள போச்சு" என்று கிணற்றடியில் என் காது படவே பேசினார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். அந்த மாசத்தில்தான் படப்பையிலிருந்து செவலையைக் கன்றுக்குட்டியாக வாங்கிவந்து என் கையில் கயிற்றைக் கொடுத்தார். நான் பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்த குட்டி அது. அதுமேல் நான் வைத்த பாசத்தைப் பார்த்து என் அம்மாவே பொறாமைப்பட்டாள்.

இரண்டாவது தடவை நான் முழுகாமல் ஆனேன் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு எறும்பைக்கூட நசுக்கவில்லை. கொசு கடித்தால் ஊதிவிடுவார். கரப்பான்பூச்சியைத் துண்டில் பிடித்துத் தெருவில் விட்டுவிட்டு வருவார். எண்பதுகளின் தொடக்கம் அது. மறைமலை நகர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். இரும்பைச் சீவிச் சீவிக் கடினமான கை. அந்தக் கையால் தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் செவலையின் பக்கத்தில் குந்திக்கொண்டு உண்ணி பிடுங்குவார். காதுக்குள், கழுத்து மடிப்பில், மடிக்காம்பு ஓரத்தில், வாலடியில். ஒரு சொட்டு வேப்பெண்ணெய் வைத்து, வாய் ஒடிந்து தோலிலேயே தங்கிவிடாமல் மெதுவாக இழுப்பார். ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய் டப்பாவுக்குள் காலை உதைக்கும். "இன்னிக்கு இருபத்தி மூணு" என்று பெருமையாகக் காட்டுவார். நானும் அட, என்ன பொறுமை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பின்பக்கம் போவதைத் தினமும் பார்த்தேன். அங்கே போய் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூத்திரத்தைப் பார்த்துவிட்டு அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்து டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் புதிதாக வந்தவர், சின்ன வயசு, திருநெல்வேலிப் பக்கம். பார்த்தவுடனே, "உண்ணிக் காய்ச்சல்" என்றார். "உண்ணி கடிக்கிறப்போ ஒரு கிருமி உள்ள போயி ரத்தத்தை உடைக்கும். உடைஞ்ச ரத்தம்தான் இப்பிடி மூத்திரமா வருது. நாட்டு மாடுன்னா தாங்கிக்கிடும். இது சீமைக் கலப்பு, தாங்காது." தொடையில் மஞ்சளாக ஒரு ஊசி போட்டார். செவலை நடுங்கியது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஊசியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "தினம் உண்ணி பிடுங்குறேன்னு சொன்னீரே, பிடுங்குனத என்ன செய்வீரு?"

எங்க வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வேலியோரம் கொட்டிடுவேன் சார்."

"உயிரோடயா?"

"வூட்ல அவ முழுகாம கீறா சார். அதான், கொல்றதில்ல."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார், சத்தம் கேட்டது. "நீரு உண்ணி பிடுங்கலவே, வெதச்சிருக்கீரு! வயிறு ரொம்புன உண்ணிக்கு அப்புறம் மாடே வேண்டாம். பொந்தோ விரிசலோ பாத்துப் போயி ஆயிரக்கணக்குல முட்டை போடும். தாய்கிட்ட இருக்க கிருமி முட்டை வழியா குஞ்சுக்கும் போவும். அந்தக் குஞ்சு எல்லாம் புல்லு நுனியில ஏறி நின்னுக்கிட்டு மாட்டுக் காலு எப்போ வரும்னு பாத்துக்கிட்டு இருக்கும். நீரு புல்லு அறுக்குறது எந்த வேலியில?"

அதே வேலியில்தான்.

டாக்டர் கொட்டாய்க்குள் போய் மண்சுவரில் ஒரு விரிசலைக் குச்சியால் கிளறினார். உள்ளே இருந்து சாம்பல் நிறத்தில் நாலைந்து உருண்டு விழுந்தன. "மாட்டு மேல இருக்கிறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இங்க குடியிருக்கு" என்றார். விரிசலில் எல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மண் பூசி அடைக்கச் சொன்னார். பிறகு சுவரிலும் தரையிலும் அடிக்க ஒரு பொட்டலம் மருந்துத்தூள் கொடுத்தார். மாட்டை நாலு நாள் வெளியே கட்ட வேண்டும், தீவனத் தொட்டியில் படக்கூடாது, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். என்னைக் கைகாட்டி, "இந்தம்மா இந்த மருந்து இருக்க பக்கமே வரப்படாது" என்று மூன்று தடவை சொன்னார். சைக்கிளில் ஏறும்போது, "ஊசிக்கு இந்தத் தடவை கேட்டுக்கிடும். உண்ணிய ஒழிக்காம இன்னொரு தடவை வந்துச்சுன்னா கன்னு தங்காது, மாடும் தங்காது" என்றார்.

கன்று தங்காது என்று அவர் சொன்னபோது என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது.

ஊசி வேலை செய்தது. மூன்றாம் நாள் மூத்திரம் தெளிந்தது, தவிடு குடித்தது. அசை போட ஆரம்பித்த சத்தத்தைக் கேட்டு நான் கொட்டாயிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் மருந்துப் பொட்டலம் பரண்மேல் ஏறியது. ஏறியது ஏறியதுதான்.

"எப்போ அடிக்கப் போறே?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நீ, வா, போ தான்.

"புள்ள பொறக்கட்டும். மறுநாளே கொட்டாயவே கொளுத்திடறேன்."

"அதுக்கு இன்னும் மூணு மாசம் கீது. அது வரைக்கும் செவல தாங்குமா?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? உண்ணியும் உயிர்தானே?"

"யாருனா ஆள வெச்சுப் பண்ணு."

"நான் சொல்லி ஒருத்தன் செஞ்சா நான் செஞ்ச மாதிரிதாமே. மாடு போச்சுன்னா இன்னொரு மாடு. புள்ள போச்சுன்னா?" அந்த மனுஷனுக்குக் கொழுப்பு இல்லை, பயம். பயந்தவனிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? தினமும் காலையில் எழுந்ததும் குழந்தை ஒரு தடவை உதைக்கும்வரை நான் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன். செவலையின் காதையும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பேன். இங்கே உதை வந்ததா, அங்கே காது சில்லென்று இருக்கிறதா என்று இரண்டு வயிற்றுக்கும் காவல் காத்தே பத்து நாள் ஓடியது.

பத்தாம் நாள் சாயங்காலம் குளிக்கும்போது தொப்புளுக்குக் கீழே கையில் ஏதோ தட்டுப்பட்டது. மச்சம் என்று நினைத்தேன். அங்கே எனக்கு மச்சம் கிடையாது. வயிறு பெரிதாக இருந்ததால் குனிந்து பார்க்கவும் முடியவில்லை. புடவையைச் சுற்றிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், முகம் செத்துவிட்டது. உண்ணி. என் வயிற்றில் தலையைப் புதைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது.

வேப்பெண்ணெய் வைத்து, மாட்டுக்குச் செய்வதைவிட மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். முழுசாக வந்தது. உள்ளங்கையில் கால்களை ஆட்டியது. பிறகு அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கையை மூடிக்கொண்டு பின்பக்கம் போனார். வேலியோரம் குனிந்தார். விட்டுவிட்டு வந்தார்.

ஐயோ, எனக்கு வந்த கோபம்! என் ரத்தம் அது. என் குழந்தைக்குப் போகிற ரத்தம். அதைக் குடித்ததை வழியனுப்பிவிட்டு வந்து கை கழுவுகிறார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று அவருக்குத் தெரியும். அவரும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். போய்ச் செவலையின் காதைத் தொட்டேன். லேசாகச் சுட்டது.

மறுநாள் முதல் ஷிப்ட். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வேதக்காரர், தினம் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு இந்த நம்பிக்கை எல்லாம் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

"எங்க சாமி இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லாது தங்கச்சி" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "ஆனா உன் வயித்தப் பாத்தா எனக்கே பயமா கீது. நீ கொடமெல்லாம் தூக்காத, தண்ணி நான் கொதிக்க வெச்சு எடுத்தாந்து தரேன். ஊத்தறது நீயே ஊத்திக்கோ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எதிர்வூட்டுக்காரி கொன்னான்னு என் பேரு வரக்கூடாது."

சரி என்றேன். மருந்துப் பொட்டலத்தை நான் தொடவில்லை. டாக்டர் சொன்னது மனசில் இருந்தது. கொதிக்கும் தண்ணீருக்கு என்ன விஷம்? நெல் அவிக்கும் அண்டாவை அக்கா தன் வீட்டு வாசலில் அடுப்பேற்றினார். செவலையைப் புங்கமரத்தடியில் கட்டினேன். சொம்பின் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் விரிசலின் முன்னால் நின்றேன். கை தூக்கிவிட்டது, ஊற்ற வரவில்லை. குழந்தையே, உங்கப்பா எதையும் கொல்லவில்லை, நான்தான் கொல்கிறேன், கேட்பதானால் என்னைக் கேள் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஊற்றினேன்.

ஆவி முகத்தில் அடித்தது. விரிசலுக்குள் இருந்து அவை வந்தன. பெரிசு, சிறிசு, கடுகு அளவு, எள் அளவு. சில வெந்து விழுந்தன. சில தப்பித்துச் சுவரில் ஏறின. அவற்றைக் கல்லால் நசுக்கினேன். ரத்தம் தெறித்தது, செவலையின் ரத்தம். ஒவ்வொரு சொம்புக்கும் பின்னால் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் அடுத்த சொம்பை நீட்டுவேன், அவர் நிரப்புவார், மறுபடி சிலுவை. "அக்கா, பாவத்துக்குப் பாதி பங்கு உனக்கும் உண்டு போல கீதே" என்றேன். "வாய மூடிக்கினு ஊத்துடி" என்றார்.

சுவர் முடிந்ததும் வேலியோரத்துக் காய்ந்த புல்லில் ஓலையைப் போட்டுக் கொளுத்தினேன். அக்கா தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இருவரும் களிமண்ணைக் குழைத்து விரிசல்களை அடைத்தோம். உச்சிவெயில் ஆகிவிட்டது. கை கால் கழுவி, அக்கா கொடுத்த கஞ்சியை வாயில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பாயில் உதைத்ததற்குப் பிறகு குழந்தை அசையவே இல்லை.

வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லையோ என்று நினைத்தேன். அக்கா வீட்டு வாசலிலேயே பாயைப் போட்டு இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். வயிற்றைத் தட்டினேன். ஒன்றுமில்லை. "தூங்குது போல" என்றார் அக்கா. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அவர் ஜெபமாலையை எடுத்துவிட்டார். முதல் தடவையும் இப்படித்தான் இருந்தது. வயிறு கனக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். பாவி, பாவி, ஒரு மாட்டுக்காக என்ன காரியம் பண்ணினேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். நம்பிக்கையா, மூடநம்பிக்கையா என்றெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். அந்தப் பாயில் படுத்துக்கொண்டு யாரும் அப்படிப் பேச முடியாது.

செவலை புங்கமரத்தடியில் படுத்திருந்தது தெரிந்தது. டாக்டர் வந்து இன்னொரு ஊசி போட்டு அது பிழைத்தது, பங்குனியில் ஒரு கிடேரி போட்டது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதன்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து எங்க வீட்டுக்காரர் வந்தார். புகைநாற்றம் அவரை வாசலிலேயே நிறுத்தியது. சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே சாய்த்துவிட்டுக் கொட்டாய்க்குள் போனார். ஈரமண் பூசிய சுவரைப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலையிலிருந்து அசைவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். "அஞ்சு மணி பஸ் கீது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். எழுந்து வீட்டுக்குள் போனவர் பரணில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்கில் துண்டைக் கட்டினார்.

"இன்னா பண்றே?" என்று தெருவைத் தாண்டிக் கத்தினேன்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது இல்ல?" என்றார். "நீ மட்டும் ஏன் தனியா சொமக்கணும்? வந்தா ரெண்டு பேர் தலையிலயும் வரட்டும்."

வாளியில் மருந்தைக் கரைத்தார். பழைய துடைப்பத்தை முக்கிச் சுவரில் அடித்தார், மூலையில் அடித்தார், கம்பத்தின் அடியில் அடித்தார். எதிர்வீட்டு வாசலில் படுத்தபடி எல்லாம் பார்த்தேன். சுவரிலிருந்து தப்பித்து ஒன்று அவர் கால்பக்கம் ஊர்ந்திருக்க வேண்டும். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தோள் குலுங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குதிகாலால் அதைத் தேய்த்தார். ஏழு மாசம் கொசுவைக்கூட ஊதிவிட்ட மனுஷன்.

அப்போதுதான் உள்ளே ஒரு உதை விழுந்தது.

சின்ன உதை இல்லை. விலா எலும்புக்குக் கீழே, தூக்கம் கலைந்த கடுப்பில் விட்ட மாதிரி ஒன்று. உடனே இன்னொன்று. நான் "ஆ" என்று எழுந்து உட்கார்ந்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "தம்பீ!" என்று கத்த வாயைத் திறந்தார். நான் எட்டி அவர் வாயைப் பொத்தினேன்.

"இன்னாடி?" என்றார் என் கைக்குள்ளிருந்து.

"சொன்னா துடைப்பத்தப் போட்டுட்டு ஓடியாந்துடுவாரு. இன்னும் ஒரு சுவரு பாக்கி கீது" என்றேன். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு சுவர் முடியும்வரை அக்காவும் நானும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே உதை விழுந்துகொண்டே இருந்தது. அவர் முடித்து, வாளியைக் கவிழ்த்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அப்போது சொன்னேன். கையை நீட்டிக்கொண்டே என் வயிற்றை நோக்கி வந்தார். "மருந்துக் கைய்யி! சோப்பு போட்டுக் கழுவிட்டு வா!" என்று ஒரு அதட்டல் போட்டேன். கிணற்றடிக்கு ஓடினார், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார். சொட்டச் சொட்ட வந்து கையை வைத்தார். குழந்தை சரியாக அந்த இடத்திலேயே உதைத்தது.

கையை எடுக்காமலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார், "வைக்கப்போரு அடியில பாத்தியா நீ? அங்க நெறைய கீதுமே."